ஓர் அடுப்பு, ஒரு வீடு

ஆற்று டிவிஷன்,
பூண்டுலோயா.
2025 ஜனவரி 19

பிரேமினிக்கு,

இல்லை, மாமி பொய் சொல்லவில்லை. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

நீ போனில் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் காம்பரா ஒரே அறை. மாமி, உன் அத்தான், கொழுந்தன் கிஷாந்த், பிள்ளைகள் இரண்டு. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே போனில் பேசுவதும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று பேசுவதும் ஒன்றுதான். அதனால்தான் கடிதம்.

போன ஆகஸ்டில் உங்கள் கணக்கெடுப்பு ஆட்கள் இரண்டு பேர், விரலால் தட்டி எழுதும் டெப்புடன் வந்தார்கள். நாங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். மாமி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள்.

"இந்த வீட்டுல எத்தனை அடுப்பு அம்மா?"

"எங்க வீட்டுல ஒரே அடுப்புதான் தம்பி. எம் மகன்மாருங்க அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சவங்க இல்ல."

உனக்குத் தெரியும், இந்த லய வரிசை வீடுகளில் அடுப்பு பிரிந்தது என்றால் குடும்பத்தில் சண்டை என்று அர்த்தம். அந்நியரிடம் அதை யார் சொல்வார்கள்? பக்கத்துக் காம்பராவில் காளியாயிக்கும் மருமகளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை, சமையலும் தனி. அவளும் "ஒண்ணுதான் தம்பி" என்றாளாம். சிரித்துக்கொண்டே.

மாமி சொன்னது இப்போது உண்மையும்கூட. முன்பு நானும் அத்தானும் கல்யாணமான நாளிலிருந்து தனியாகத்தான் பொங்கினோம். மாவு விலை ஏறிய வருடம் மாமிதான் சொன்னாள், இனி ஒரு விறகு, ஒரு பானை என்று. பசி எங்களை ஒன்றாக்கியது.

இப்போது தோட்ட ஆபீஸ் சுவரில் புதிய வீட்டுத் திட்டத்தின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். ஓர் அடுப்புக்கு ஒரு வீடு. எங்கள் காம்பராவுக்கு ஒன்று. குடும்பத் தலைவர் என்று மாமியின் பெயர், பேச்சியம்மா. மாமி அதைக் கிஷாந்துக்கு என்று முடிவு செய்துவிட்டாள். இளையவன், அவன்தான் கடைசிக் காலத்தில் பார்ப்பானாம். "நீங்க பெரியவங்க, எப்படியும் பொழைச்சுக்குவீங்க."

சுலக்ஷனாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூட உடுப்பு மாற்றும்போது நான் குடையை விரித்துப் பிடிக்கிறேன். அதுதான் என் மகளுக்கு உள்ள சுவர்.

நீ அந்தக் கணக்கெடுப்புக் கந்தோரில்தானே வேலை செய்கிறாய். எனக்குச் சொல். சேர்ந்து சாப்பிட்டது குற்றமா?

உன் இருமல் எப்படி இருக்கிறது? பதிலைச் சின்னராசா கடை முகவரிக்கே போடு. தோட்ட ஆபீசுக்கு வந்தால் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுத்தான் தருவார்.

அக்கா,
கிருஷாந்தி


கொழும்பு
2025 பெப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் கை வெடிப்புக்கு மருந்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை கொண்டுவருவேன். அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதைத் தேடிப் பார்த்தேன். எங்கள் விளக்கக் குறிப்பில் இப்படி இருக்கிறது: ஒன்றாகச் சமைத்து உண்போர் ஒரு குடும்பம். அவ்வளவுதான். ஒரு வரி.

ஆற்று டிவிஷனில் முந்திய கணக்கெடுப்பில் எண்பத்தெட்டுக் குடும்பங்கள். இப்போது ஐம்பத்திரண்டு. ஆட்களின் தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. குடும்பங்கள் மட்டும் காணாமல் போயிருக்கின்றன. எங்கள் பிரிவுத் தலைவர் அதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்: 'இளைஞர் நகரங்களுக்கு இடம்பெயர்ந்தமை.' நான் அவரிடம் போய், யாரும் போகவில்லை, விலைவாசியால் பானையைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றேன்.

"அப்ப நல்லதுதானே, சிக்கனம்" என்று சிரித்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரையில் நம் காம்பரா ஒரு வரிசை. ஆட்கள்: ஆறு. அடுப்பு: ஒன்று. தண்ணீர்: குழாய், ஆம். அந்தக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கப் படிவத்தில் பெட்டி இல்லை. கட்டடத்தைக் கேட்கிறோம், குழாயைக் கேட்கிறோம். குடையைக் கேட்பதில்லை.

மறுப்புத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். தாங்கள் தனித்தனியே சமைப்பதாகக் குடும்பத் தலைவர் கையெழுத்து வைக்க வேண்டும். அதாவது மாமி.

இது என் அக்கா வீடு என்று நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேமினி


ஆற்று டிவிஷன்
2025 பெப்ரவரி 16

பிரேமினிக்கு,

படிவத்தை மாமியிடம் வாசித்துக் காட்டினேன்.

"என் வாயால என் வீடு பிரிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுக்கணுமா? மூத்தவன் என்னை விட்டுட்டான்னு நானே கைநாட்டு வைக்கணுமா? நான் செத்த பெறகு ஆளுக்கு நாலு அடுப்பு வச்சுக்கங்கடி. யார் வேணாங்கிறா."

அத்தான் சப்பாத்தைக் கழற்றி இரத்தம் குடிக்கும் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை இல்லை. இருந்தும் பார்த்தார்.

கிஷாந்த் சொன்னான்: "எதுக்கு அண்ணி கஷ்டப்படுறீங்க? உங்க தங்கச்சி கொழும்புல பெரிய ஆளு. ஒரு பட்டன தட்டினா உங்களுக்கு ரெண்டு வீடு வரும்."

எனக்கு அவன் மீது கோபம் வரவில்லை. உன் மீது வந்தது. சிக்கனம் என்று சிரித்தானே, அந்த ஆள் முன்னால் நீ என்ன சொன்னாய்? திரும்பி வந்து உட்கார்ந்தேன் என்று எழுதுகிறாய். அழகாக எழுதுகிறாய். குடையைக் கேட்பதில்லை என்கிறாய். அது என் குடை. என் மகள். அதை வைத்து நீ வசனம் எழுத வேண்டாம்.

உங்கள் பெட்டியில் போட்டுப் பார்க்கிறாயா? ஆட்கள் ஆறு. கதவு ஒன்று. அந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை.

நலம் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

கிருஷாந்தி


கொழும்பு
2025 மார்ச் 10

அக்காவுக்கு,

கேட்கவில்லை.

திரும்பவும் பிரிவுத் தலைவரிடம் போனேன். இந்த முறை உட்காரவில்லை. மற்ற டிவிஷன்களின் எண்களையும் எடுத்துக்கொண்டு போனேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்திருக்கிறது, லயங்களில் மட்டும். கடைசியில் ஆற்று டிவிஷனுக்கு மட்டும் மறுபார்வைக்கு ஒத்துக்கொண்டார். சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு வியாழக்கிழமை வருவார்கள். நான் வரமாட்டேன்.

இந்தத் தடவை வாய்ப் பேச்சை எழுத மாட்டார்கள். எரிகிற அடுப்பைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார்கள். மாமியின் கையெழுத்தும் தேவையில்லை. இதை லயத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

பிரேமினி


ஆற்று டிவிஷன்
2025 ஏப்ரல் 27

அன்புள்ள பிரேமி,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

போன மாதம் சுலக்ஷனா பெரிய பிள்ளையாகிவிட்டாள். உனக்குச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அவளைத் தனியே உட்கார வைக்க இடம் எங்கே? இரண்டு சேலையைக் கட்டி மறைத்தோம். கிஷாந்தை மழையில் காளியாயி வீட்டு இஸ்தோப்பில் படுக்கச் சொன்னோம். மாமி தன் பாயைச் சேலைக்குக் குறுக்கே போட்டு, அந்த நாட்கள் முழுவதும் அங்கேயே கிடந்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். புட்டும் முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தார்கள். பிள்ளை சேலைக்குப் பின்னால் இருந்து எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தாள். 

வியாழக்கிழமை வேன் வந்தது. பெரட்டுக் களத்தோடு நின்றுவிட்டது. லயத்துக்கு இறங்கும் படிக்கட்டு வழுக்குமாம். வந்த உத்தியோகத்தர் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார்: "குடும்பத் தலைவிகளை மேலே வரச் சொல்லுங்க."

காளியாயிதான் முதலில் சத்தம் போட்டாள். "அடுப்பப் பாக்க வந்தவரு அடுப்பு இருக்கிற எடத்துக்கு வரமாட்டாராமா? சரி, அடுப்பு அவருகிட்ட போகட்டும். கல்லத் தூக்குங்கடி!"

தூக்கினோம் பிரேமி. ஆளுக்கு மூன்று கல், ஒரு பானை, ஒரு கட்டு விறகு. காலையில் பெயர் கூப்பிட்டு எங்களை வரிசையாக நிற்க வைக்கும் அதே களத்தில் வரிசையாக அடுப்பு வைத்தோம். ஈர விறகு. புகை. உத்தியோகத்தர் லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

காளியாயியின் விறகு பிடிக்கவில்லை. மருமகளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "யாராச்சும் கொஞ்சம் நெருப்புக் குடுத்தா தேவல." மருமகளும் வானத்தைப் பார்த்தே ஒரு கொள்ளியைத் தள்ளிவிட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு. எல்லோரும் சிரித்தோம்.

அப்போது மாமி வந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. என் அடுப்பிலிருந்து தள்ளி, நன்றாகத் தள்ளி, மூன்று கல்லைப் போட்டாள். பற்ற வைத்தாள். எழுந்து நின்றாள்.

"எழுதிக்கங்க தம்பி. இவ தனி, நான் தனி. எம் மூத்த மகன் என்னை விட்டுட்டான். போதுமா?"

களம் முழுக்கக் கேட்டது. அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். உத்தியோகத்தர் டெப்பில் எதையோ தட்டினார்.

என்ன தட்டினார் என்று பார்த்து எழுது.

உன் அக்கா


கொழும்பு
2025 மே 29

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். நான் சுகம். சுலக்ஷனாவுக்கு என் முத்தம். தைத்த சட்டை ஒன்று தனிப் பார்சலில் வருகிறது.

பார்த்தேன்.

அறிக்கையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: 'வீட்டு அலகுகளினுள் மேலதிக அடுப்புகள் அவதானிக்கப்படவில்லை. பொது இடத்தில் கூட்டுச் சமையல் இடம்பெற்றது. சமய நிகழ்வாக இருக்கலாம்.'

ஐம்பத்திரண்டு அப்படியே இருக்கிறது.

நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு கொஞ்சம் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாக. அவ்வளவுதான்.

மாமிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். எப்போது என்று தெரியாது.

பிரேமினி


ஆற்று டிவிஷன்
2025 ஜூன் 8

பிரேமி,

சட்டை கிடைத்தது. பார்த்தால் அளவு சரியாக இருக்கும் போலிருக்கிறது. பிள்ளை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும், அந்தக் குடைதான்.

மாமிக்கு நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி? அன்றிலிருந்து அவள் தனியாகத்தான் பொங்குகிறாள். இஸ்தோப்பு மூலையில் அதே மூன்று கல். ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல்.

"இங்க வந்து சாப்பிடுங்க மாமி. அவங்கதான் எழுதலையே."

"அவங்க எழுதாட்டி என்ன? ஊரு முன்னால நான் சொன்னேன்ல. சொன்னவ தனியாத்தான் திங்கணும்."

கிஷாந்துக்கும் கொடுப்பதில்லை. அவன் என்னிடம் சாப்பிடுகிறான். உங்கள் கணக்கில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து உண்கிறோம். இங்கே ஒரு கிழவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெல்லுகிறாள். உண்மையைச் சொன்னபோது ஒரு வீட்டைப் பறித்தீர்கள். பொய்யைச் சொன்னபோது அதைச் சமய நிகழ்வு என்றீர்கள். பொய்யை உண்மையாக்கி அவள் தின்கிறாள். இதற்கு ஒரு பெட்டி போடு.

'நீங்கள்' என்று எழுதியது உன்னை இல்லை. உன்னையும்தான்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதம் எப்போதும் கந்தோர் உறையில் வரும். இந்த முறை கடையில் வாங்கிய உறை. நீயே முத்திரை வாங்கி ஒட்டியிருக்கிறாய். ஏன்?

கிருஷாந்தி


கொழும்பு
2025 ஜூன் 25

அக்காவுக்கு,

மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். லயத்துக்கு மேல் மண்மேட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்போருக்குக் கொடுக்கும் கைநூல் ஒன்று இருக்கிறது. யாரும் முழுதாக வாசிப்பதில்லை. எனக்கு இப்போது வாசிக்க நேரம் இருக்கிறது. அதில் குடும்பத்துக்கு முன்னால் வீட்டு அலகு என்று ஒரு பகுதி வருகிறது. எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

சுவரால் சூழப்பட்டு, வெளியே திறக்கும் சொந்த வாசல் உள்ள எந்த இடமும் தனி வீட்டு அலகு. அந்த வாசலுக்குப் போக இன்னொருவர் இருப்பிடத்தைக் கடக்கக் கூடாது. தனி அலகாக இருந்தால் அங்கே இருப்பவர்கள் தனிக் குடும்பமாகவே பதியப்பட வேண்டும். அங்கே அடுப்பைப் பற்றிய கேள்வியே வராது. படிவத்தில் அந்த வாசலை உடையவரே கையெழுத்து வைக்கலாம்.

மறுப்புப் படிவங்கள் ஜூலை முடியும் வரை பிரதேச செயலகத்தில் ஏற்கப்படும்.

காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. அது எனக்குத் தெரியும். இதை எழுதுவதால் எதையும் செய்யச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை.

பதிலை என் அறை முகவரிக்குப் போடுங்கள். கந்தோருக்கு வேண்டாம்.

பிரேமினி


ஆற்று டிவிஷன்
2025 ஜூலை 13

பிரேமி,

சாப்பிடுகிறாயா? உண்மையைச் சொல்.

தலவாக்கலை பஸ்ஸில் ஒரு பையன் எனக்கு எழுந்து இடம் கொடுத்தான். போன ஆகஸ்டில் டெப்புடன் வந்த இரண்டு பேரில் ஒருவனாம், ஏப்ரலில் வேனிலும் வந்து என்னைப் பார்த்திருக்கிறான். பிரதாப் என்று பெயர். "நீங்க பிரேமினி மிஸ்ஸோட அக்காதானே" என்றான்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? மிஸ்ஸ மேசைய விட்டு எடுத்துட்டாங்க. சொந்தக்காரங்க பேர லிஸ்ட்ல சேர்க்கப் பார்த்தாங்கன்னு ஒரு கம்ப்ளேன். இப்ப பழைய பேப்பர் அடுக்கிற எடத்துல இருக்காங்க."

நான் உன்னைத் திட்டித் திட்டி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அங்கே இருந்திருக்கிறாய். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? முத்திரையைப் பற்றிக் கேட்டேன், மண்மேட்டைப் பற்றி எழுதினாய்.

தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்ப் பின் சுவரில் ஒரு வாசல் வைக்க அனுமதி கேட்டேன். "லிஸ்ட்ல பேர் வந்தவங்களுக்குப் புது வீடு வருதே, எதுக்குப் பழைய லயத்த ஒடைக்கணும்?" என்றார். லிஸ்டில் எங்கள் பெயர் இல்லை என்றேன். "அப்ப உங்களுக்கு என்ன அவசரம்?"

வெளியே வந்ததும் கணக்கப்பிள்ளை சொன்னார், சுவரில் கை வைத்தால் அத்தானுக்குப் பெயர் கொடுக்க மாட்டார்களாம். வேலை இல்லை என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

பின் சுவரைத் தினமும் பார்க்கிறேன். அதற்கு அப்பால் மழைத்தண்ணீர் ஓடும் கான், கானுக்கு அப்பால் தேயிலை. அங்கே யாருடைய இருப்பிடமும் இல்லை.

அக்கா


கொழும்பு
2025 ஜூலை 20

அன்புள்ள அக்கா,

ஆமாம். வேலை போகவில்லை. சம்பளமும் வருகிறது. பழைய கணக்கெடுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை. ஜன்னல் இல்லை. கதவு இருக்கிறது, உள்ளிருந்து பூட்டலாம். முதல் நாள் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சுலக்ஷனாவை நினைத்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை.

உடைக்க வேண்டாம். அத்தானின் வேலையை வைத்து விளையாட முடியாது. கைநூலில் இருப்பதை இவர்கள் மதிப்பார்கள் என்பதற்கு என்னிடம் எந்த உறுதியும் இல்லை. பெரட்டுக் களத்தைச் சமய நிகழ்வு என்றவர்கள், வாசலை மண்சரிவு என்பார்கள்.

உங்களுக்கு அதை எழுதியிருக்கக் கூடாது. வேண்டாம் அக்கா.

பிரேமினி


ஆற்று டிவிஷன்
2025 ஜூலை 31

அன்புள்ள பிரேமிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதம் நேற்றுத்தான் சின்னராசா கடைக்கு வந்தது. அதற்குள் சுவரை உடைத்துவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் உடைத்திருப்பேன்.

திங்கட்கிழமை கொழுந்துக்குப் போகவில்லை. சின்னராசா கடையில் கடப்பாரை இரவல் வாங்கினேன். அத்தான் வாசலில் நின்று, "வேலைய நெனச்சுப் பாரு" என்றார். நினைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றேன். மாமி இஸ்தோப்பிலிருந்து எழுந்து வந்தாள். "ஒடச்சா மழத்தண்ணி உள்ள வரும்டி" என்றாள். பிறகு சுவரோரம் இருந்த தன் அரிசி டின்னை நகர்த்தி வைத்தாள்.

கல் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்தபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தான் என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். வெளிச்சம் வந்தது.

சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை வந்தார். "யாரக் கேட்டு ஒடச்ச?"

"கணக்கு எடுக்கிறவங்களக் கேட்டு."

"எந்தக் கணக்கு?"

"உங்களுக்குத் தெரியாதது."

விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நாளை மறுநாள். உடைத்த நாளிலிருந்தே அத்தானுக்குப் பெயர் இல்லை. எனக்கும் இல்லை. காளியாயியும் மருமகளும் எங்களுக்கு மாவு கொண்டுவந்தார்கள். இரண்டு தனித்தனிக் கிண்ணத்தில்.

உடைத்த இடத்தில் தகரத்தால் ஒரு கதவு. நடுவில் பலகை அடித்து மறைத்துவிட்டோம். இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர், அந்தப் பக்கம் மாமியும் கிஷாந்தும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். சுலக்ஷனா நீ அனுப்பிய சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாத்தினாள். நாங்கள் கான் ஓரத்தில் நின்றோம். வெகுநேரமாயிற்று. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மாமி இன்னும் தனியாகத்தான் பொங்குகிறாள். அதைச் சரிசெய்ய என்னிடம் கடப்பாரை இல்லை.

கடைசி நாளான இன்று காலை பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கிருஷாந்தி என்று எழுதினேன். கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகச் சீட்டு வாங்கினேன். திரும்பி வந்து அடுப்புப் பற்ற வைத்தேன்.

அக்கா